கனம் பார்த்து வாங்கிய மெஷின்

ஆரணிக்காரனுக்குக் கண்ணைவிடக் கையில்தான் நம்பிக்கை அதிகம். கடையில் புடவையை எவ்வளவு அழகாக விரித்துக் காட்டினாலும் மயங்கமாட்டோம். மடிக்கச் சொல்லி, உள்ளங்கையில் வைத்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு லேசாகத் தூக்கிப் போட்டுப் பார்ப்போம். கனமாக இருந்தால் ஜரிகை நிஜம், பட்டு நிஜம், விற்பவரும் ஏறக்குறைய நிஜம். லேசாக இருந்தால், "வேற காட்டுங்க." தறிக்காரருக்குப் பட்டு நூலை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். அது புடவையாகத் திரும்பி வரும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கட்டிக் கிழிந்த பிறகும் ஜரிகைக்காக அதை எடைக்கு எடுத்துக்கொள்ளத் தெருவில் ஆள் வருவார். இந்த ஊரில் வளர்ந்தவன் உலகத்தையே தராசுத் தட்டில் வைத்துப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் என் அம்மா பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காபி கொடுத்த டம்ளரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "டம்ளர் நல்லா கனமா கீதுடா. நல்ல எடம். ஒத்துக்கோ." ஒத்துக்கொண்டேன். பெண் வீட்டில் யாரும் என்னைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். அப்போது நான் அவ்வளவு ஒல்லி.

எண்பதுகளின் தொடக்கத்தில் குவைத்தில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பி, ஆணி, சிமெண்ட் என்று எல்லாவற்றையும் எடை போட்டு ஏற்றி இறக்கும் இடம். எனக்காகவே உண்டாக்கிய வேலை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் மனைவியும் வந்து சேர்ந்தாள். அவள் சூட்கேசுக்குள் களம்பூர் மில்லில் வாங்கிய இட்லி அரிசி. அதற்கு மேல், முகூர்த்தப் புடவைக்குள் கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றிய ஒரு மிக்சி. சுங்க அதிகாரி புடவையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, உள்ளே மோட்டாரைக் கண்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது எனக்குக் கைவந்த கலை.

நான் விடியும் முன்பு கிளம்பி, பொழுது சாய்ந்து வீடு திரும்புவேன். நடுவில் இருக்கும் பகல் முழுவதும் அவளுடையது. அதில் பேச ஆள் கிடையாது. அரபியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடத்து ஏசிகளின் முதுகு தெரியும். வந்த புதிதில், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய பேச்சு முழுவதையும் கொட்டித் தீர்ப்பாள். கொஞ்ச நாளில் அது குறைந்தது. பிறகு "சாப்பிடறீங்களா", "ஃபேன நிறுத்தட்டுமா" என்ற அளவுக்கு வந்து நின்றது. ஊர் பழகிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். எனக்கு வாய்த்த மனைவி அமைதியானவள் என்று ஆபீசில் பீற்றிக்கொண்டது வேறு.

மிக்சிதான் அவளுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது. ஒருநாள் அவள் சுட்ட தோசையின் வாசனை கீழ்த்தளம் வரை போய், அங்கே குடியிருந்த கேரளத்து நர்சம்மாக்கள் இருவர் கதவைத் தட்டினார்கள். மறுநாள் அவர்களுக்கும் சேர்த்து மாவு அரைத்தாள். பிறகு அவர்கள் சொல்லி இன்னும் சிலர். அந்தச் சின்ன மிக்சியில் பிடி பிடியாகப் போட்டு, ஓட்டி, நிறுத்தி, மோட்டாரின் மேல் கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள். சூடாக இருந்தால் அது ஆறும் வரை உட்கார்ந்திருப்பாள். யாராவது பாத்திரத்தோடு வருவார்கள். பாதி மலையாளமும் பாதி தமிழுமாக ஏதோ ஓடும். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால், "நர்சம்மாவோட மாமியாரு இன்னா பண்ணிச்சி தெரியுமாங்க?" என்று பிடித்துக்கொள்வாள். முகம் தெரியாத அந்த மாமியாரை நானும் ஆசையாகத் திட்டுவேன்.

ஒருநாள் மிக்சி புகைந்து நின்றுவிட்டது.

அதுவே ஆரணியாக இருந்தால், பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் கொண்டுபோய் வைத்தால் போதும். "ரெண்டு நாளு கழிச்சி வா" என்பார். நான்கு நாள் கழித்துத் தருவார், ஆனால் தருவார். எங்கள் ஊரில் எதற்கும் சாவு கிடையாது. குவைத்தில் ரிப்பேர் கடைக்காரர் மிக்சியைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு கடை மூலையில் இருந்த குப்பைத் தொட்டியைக் காட்டினார். நான் அதை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவி அதைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

மாவு நின்றதும் கதவைத் தட்டும் ஓசையும் நின்றது. நர்சம்மாக்களின் மேல் தப்பு இல்லை. ஷிப்டு முடித்து வந்து படுப்பவர்கள், காரணமில்லாமல் எதற்கு மாடி ஏறுவார்கள்? சில நாட்களுக்குப் பிறகு, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"உங்க ஆபீஸ் வேலூர்க்காரரு வீட்ல லீவுக்கு மெட்ராசுக்குப் போறாங்களாம். நானும் அவங்களோடவே பூட்றேங்க."

"எப்போ வருவே?"

"பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண் கேட்டுப் போன இடத்தில் "பாக்கலாங்க" என்றால், அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டலாம் என்று பொருள். அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். ரசத்தை ஊற்றுவதுபோல அமைதியாகச் சொன்னாள். வேலூர்க்காரர் குடும்பம் டிக்கெட் எடுப்பதற்குள் ஒரு புது மிக்சியை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அவளுக்கு வேண்டியது இட்லி என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. ஆண்பிள்ளைகளின் மூளை பெரும்பாலும் வயிற்றுக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனேன். எல்லாம் கண்ணாடிக் கடைகள். உள்ளே ஜில்லென்று குளிர். எங்கள் ஊர்ப் பட்டுக்கடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் பாயில் கால் வைப்போம். பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போனேன். மலையாளி ஒருவர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடு வயது, சாந்தமான முகம். என் காலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"அரைக்கிற மெஷின் காட்டுங்க" என்றேன்.

அவர் ஜூஸ் பிழிவதை எடுத்து வைத்தார். ஒரு கையால் தூக்கினேன். அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. "வேற காட்டுங்க." காபிக்கொட்டை பொடிப்பது ஒன்று வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். "வேற." கண்ணாடி ஜாடி வைத்த ஒன்று. ஜாடிதான் கனம், மோட்டார் காற்று. "வேற." மேசை நிறைந்துவிட்டது. நானோ விட்டத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மற்ற வாடிக்கையாளர்கள் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அப்போது கீழ்த்தட்டில் ஒரு பெட்டி கண்ணில் பட்டது. குனிந்து தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். இடுப்பு ஒரு வார்த்தை சொன்னது. என் உடம்பில் இருந்த ஆரணி ரத்தம் முழுவதும் எழுந்து நின்று கும்பிட்டது. இதுதான்!

"இது அரைக்குமா?"

"அரைக்கும் சாரே. பட்சே, எதுக்கு வேணும்? ஞான் ஒண்ணு பறயட்டே..."

"நீங்க ஒண்ணியும் சொல்ல வேணாங்க" என்று கையமர்த்தினேன். "நாங்க பட்டு நெய்யற ஊரு. கையில எடுத்தாலே தெரிஞ்சிரும்."

எது என்ன பொருள் என்று கடைக்காரரிடமே கேட்பது எங்கள் ஊரில் கௌரவக் குறைச்சல். கேட்டவன் தலையில் எதையாவது கட்டிவிடுவார்கள். அவர் இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தார். நான் இரண்டு தடவையும் புன்னகையோடு மூடினேன். கடைசியில் அவர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, "சாரே, ஷூ" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. என் மனைவி குளித்துவிட்டு வந்தாள். பெட்டியைப் பிரித்தோம். பளபளவென்று உலோக உடம்பு, தலைக்கு மேல் ஒரு தட்டு, யானைத் தும்பிக்கையை வெட்டி வைத்தது மாதிரி முன்னால் ஒரு குழாய், அதன் வாயில் ஓட்டை ஓட்டையாக ஒரு சல்லடை.

"ஜாடி எங்கங்க?"

"இது புது மாடலு. ஜாடி உள்ளயே கீது."

புது மெஷினை அப்படியே ஓட்டலாமா? மஞ்சள் பூசினாள், மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள், எலுமிச்சம்பழம் சுற்றினாள். அவள் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். நான் ஸ்விட்சைப் போட்டேன். ஊறிய அரிசியை மேலே கொட்டினோம். அரிசி குழாய்க்குள் போனது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒழுகி மேடை நிறைந்தது. முன்னால் சல்லடை வழியாக, புழு நெளிவதுபோல ஈர நொய் வந்து விழுந்தது. அதைத் திரும்ப எடுத்துப் போட்டோம். மறுபடியும் நொய். உளுந்தைப் போட்டோம். அது பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வேலூர்க்காரர் வந்தார், டிக்கெட் விஷயமாக. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்! இன்னாய்யா இது? கைமா மெஷினுக்குப் பொட்டு வெச்சிகீறே!"

"இன்னாது?"

"கறியக் கொத்தற மெஷின்யா! எங்க ஊர்ல பாய் கடைல கீது. கற்பூரம் வேறயா? ஐயோ, என்னால முடியாது..."

என் மாமனார் வீடு முட்டைகூடத் தொடாத சைவம். அதுவும் வெள்ளிக்கிழமை. என் மனைவி மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், வேலூர்க்காரரோடு சேர்ந்து சிரித்திருக்கலாம். அதிலெல்லாம் எனக்குப் பழக்கம் உண்டு. அவளோ கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தன் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் சேத்து டிக்கெட்டு போட்ருங்கண்ணா."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் மேடையில் ஒழுகிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. தோன்றாதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வேலையிலிருந்து சீக்கிரமாக வந்து, மெஷினைக் கழுவித் துடைத்து, பொட்டை அழித்து, பெட்டிக்குள் வைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். அன்று பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. கனத்தின் மகிமை என்ன என்பதை அந்த மாடிப்படியில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். என் மனைவி பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். போகப் போகிறவள் செய்யும் கடைசி உபகாரம்போல இருந்தது.

திருப்பத்தில் மேல்வீட்டு எகிப்துக்காரம்மா காய்கறிப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். ஆகிருதியான அம்மா, பெரிய மூக்குக்கண்ணாடி. அதுவரை படியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். அவர் கண் பெட்டியில் இருந்த படத்தின் மேல் விழுந்தது.

"யா ஸலாம்!"

பையைக் கீழே வைத்தார். கையால் ஏதோ கைப்பிடியைச் சுற்றுவதுபோலச் சுற்றி, தோளைப் பிடித்துக்கொண்டு வலியில் முகம் சுளித்தார். தன் வீட்டில் இருப்பது கையால் சுற்றுகிறது, தோள் போய்விட்டது என்று புரிந்தது. பிறகு பெட்டியைத் தட்டினார், எங்கள் கதவைக் காட்டினார், எங்கள் இருவரையும் ஆட்டுக்குட்டிகளைப்போல மேலே ஓட்டினார். சிறிது நேரத்தில், ஊறவைத்த மொச்சை மாதிரி ஒரு பருப்பும், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லியும், வெங்காயமும், பூண்டும் எடுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

என் மனைவி அலறிப் போனாள். "கறி கிறி போடப் போவுதுங்க! சொல்லுங்க!"

"நான் இன்னான்னு சொல்றது? எனக்கு அரபியில 'சிமெண்டு எறக்கு'தான் தெரியும்."

அவளே முன்னால் போனாள். மெஷினைக் காட்டி, "ம்மா" என்று மாடு மாதிரி கத்தினாள், "கொக் கொக்" என்று கோழி மாதிரி கத்தினாள், பிறகு இரண்டு கையையும் வேகமாக ஆட்டி, காதைப் பிடித்துக்கொண்டாள். நான் தாலி கட்டிய பெண் கோழியாகக் கத்தி அன்றுதான் கேட்டேன். எகிப்துக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து சத்தியம் செய்தார். கறி கிடையாது.

பருப்பைத் தண்ணீர் இல்லாமல் வடித்து, கொத்தமல்லியோடு சேர்த்து மேலே போட்டார். இஞ்சினியர்போல அதை ஒரு கட்டையால் அழுத்தினார். சல்லடை வழியாகப் பச்சைப்பசேலென்று, நறநறவென்று, ஒரு சொட்டு நீர் இல்லாமல் வந்து விழுந்தது. என் மனைவி அதில் கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம மசால் வடைங்க!"

"அவங்க ஊர்ல இத்த..."

"நீங்க சும்மா இருங்க. கடலைப்பருப்பு டப்பாவ எடுங்க. இல்ல, அது ஊறணும். அம்மா, இருங்க, நாளைக்கு, நாளைக்கு..." நாளைக்கு என்பதைச் சூரியன் மறைந்து எழுவதுபோலக் கையால் காட்டினாள். எகிப்துக்காரம்மா அதற்குள் எண்ணெயைச் சூடாக்கிவிட்டார்.

அன்று அவர் சுட்டார். மறுநாள் என் மனைவி சுட்டாள், சோம்பும் பச்சை மிளகாயும் போட்டு. அந்த மிளகாயின் காரத்தில் எகிப்துக்காரம்மா கண்ணீர் விட்டு, குழாயடிக்குப் போய், திரும்பி வந்து இன்னொன்று எடுத்தார். பூண்டை உரித்துப் போடுவதா, தோலோடு நசுக்கிப் போடுவதா என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம். ஒருவர் அரபியில், ஒருவர் ஆரணியில். இரண்டு பேருக்கும் அடுத்தவர் சொல்வது ஒரு சொல்கூடப் புரியவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நான் ஸ்டோரிலிருந்து வந்து, கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி இவ்வளவு சத்தமாகப் பேசக் கூடியவள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. உள்ளே போனால் எங்கே நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஆனால் டிக்கெட் பேச்சு மட்டும் எழவில்லை. நானும் கேட்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரு பொருளைக் கேட்டு வாங்கத் தெரியாதவன், ஒரு மனுஷியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பழகியிருக்கவில்லை. கடையில் அந்த மலையாளியின் வாயை அடைத்ததுபோல, வீட்டிலும் எத்தனை தடவை "பழகிடும்" என்று சொல்லி இவள் வாயை அடைத்திருப்பேனோ? பாயில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன். பக்குவப்பட்ட சிந்தனையாளனுக்கு அழகு அதுதான்.

கடைசியில் கேட்டேன். ஒரு சாயங்காலம், அவள் பருப்பு களைந்துகொண்டிருந்தபோது.

"வேலூர்க்காரரு நாளைக்கு டிக்கெட்டு எடுக்கறாராம்."

"ம்."

"நீ போவாம இருந்தா எனக்கு நல்லா இருக்கும்."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தினி நாளு இத்த சொல்றதுக்கு இன்னாவாம்?"

"நீ கேக்கலியே."

"நான் எதுக்குக் கேக்கணும்?" மறுபடி தண்ணீர் பிடித்தாள். "நான் ஒண்ணும் உங்க இட்லிக்காக ஊருக்குப் போறேன்னு சொல்லலங்க. பகலெல்லாம் அந்தக் கதவையே பாத்துகினு உக்காந்திருப்பேன். ஒருத்தர் தட்டமாட்டாங்களான்னு இருக்கும். இப்போ ஒரு மனுஷி வந்து தட்டுது. தட்டும்போது நான் ஆரணியில உக்காந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்போ?"

"அப்போ இன்னா அப்போ? ஜல்தியா போயி அவருகிட்ட என் பாஸ்போர்ட்ட வாங்கிகினு வாங்க. டிக்கெட்ட போட்டுத் தொலைக்கப் போறாரு."

வேலூர்க்காரர் வீடு இரண்டு தெரு தள்ளி. ஓட்டமாகப் போனேன். அவர் கதவைத் திறந்து, என் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, இப்ப இன்னாத்துக்குப் பொட்டு வெச்சிட்டு வர்றே?" என்றார். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது சொல்லிச்சா, நீயா வந்தியா?"

"அதுதாங்க சொல்லிச்சு."

"அப்ப சரி" என்று கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் வாசனை படியிலேயே வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை நீட்டினேன். எண்ணெய்க் கையோடு வாங்கமாட்டேன் என்று முழங்கையால் அலமாரியைக் காட்டினாள். நானே உள்ளே வைத்தேன். அவள் வடைகளை ஒரு தட்டில் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

"மேல அந்தம்மா காத்துகினு கீதுங்க. கதவ சாத்திக்காதீங்க, வந்துர்றேன்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறிப் போனாள். அரபியும் ஆரணியும் மேலே தொடங்கும் சத்தம் கேட்டது. சட்டியைப் பார்த்தேன். எனக்கு ஒரு வடைகூட வைக்கவில்லை.